பொய் என்று கேட்டவர்

பிள்ளைகளே, பாரிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய அந்த மலிவு ஹோட்டல் உங்களுக்கு நினைவிருக்கும். தலையணையில் யாரோ ஒருவருடைய எண்ணெய்ப் பிசுக்கு, விரிப்பில் தலைமயிர். குளியலறையில் தண்ணீர் வடியாமல் சவர்க்கார நுரையோடு காலடியில் நின்றது.

அறை துப்புரவு செய்பவரைக் கூப்பிட்டேன். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான், ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் கையுறைகளை இடுப்பில் செருகியிருந்தார். பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் விரிப்பைத் தடவிச் சுருக்கம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

“காலமைதான் மாத்தினனான், அண்ணை. நல்ல கிளீன்.”

சின்னவளே, நீ அந்த மயிரைக் கண்டுவிட்டு, டேனிஷில் அருவருப்புக்குச் சொல்லும் சொல்லைச் சொல்லிக் கத்தினாய்: “ஃபொய்!”

அவருடைய கை நின்றுவிட்டது.

“ஓம் பிள்ளை, பொய்தான்,” என்றார். “நேரம் காணாது. பாக்க வெள்ளையா இருந்தா அப்பிடியே விரிச்சு விடுறது. இப்ப மாத்தித் தாறன். கீழை ஒபிசிலை சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, வேலை போயிடும்.”

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் பிராண்டேயில், முதியோர் இல்லத்தில் விரிப்பு மாற்றுகிறவன்தான். அப்படியிருந்தும் அவர்மேல் இரக்கத்தைவிட அருவருப்புத்தான் கூடுதலாக வந்தது. அது ஏனென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கீழே நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நீங்கள் சாப்பிடப் போனபின், எங்கள் விரிப்புகளை அடுத்தவருக்கு விரிக்க முடியாதபடி எல்லாவற்றையும் உருவி, குளியலறையில் தேங்கிநின்ற தண்ணீருக்குள் போட்டு மிதித்துவிட்டு வந்தேன்.