நாக்கு போட்ட மதிப்பெண்

வளைகுடாவில் சோஹார் நகரை ஒட்டிய அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் என் வேலை மண்ணைச் சோதிப்பது. எண்ணெயைச் சுவைப்பதல்ல. ஆனால் சுவை பார்க்கும் குழுவில் ஒருவர் லீவில் போயிருந்ததால், ஐந்தாவது ஆளாக என்னை உட்காரச் சொன்னார் தலைவர். நானும் மண்டையை ஆட்டினேன். அந்த மண்டையின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

பண்ணையில் இரண்டு வரிசை ஆலிவ் மரங்கள், வரிசைக்கு ஒரு ரகம். இரண்டுக்கும் தண்ணீர் போதவில்லை. எதன் எண்ணெய் நன்றாக இருக்கிறதோ அந்த வரிசை மட்டும் நிற்கும், மற்றதை வெட்டிவிடுவார்கள். மேற்கு வரிசையைக் கன்றிலிருந்து வளர்த்தவர் பெரம்பலூர்க்காரர் ஒருவர். கொளுத்தும் வெயிலில் சாக்கை நனைத்து ஒவ்வொரு தண்டிலும் சுற்றிவிட்டவர். அன்று காலை என்னைப் பார்த்து, "மேடம், நம்ம வரிசைக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். எது எந்த வரிசை என்று தெரியாதபடிதான் வைப்பார்கள் என்றேன். "உங்களுக்குத் தெரியாமலா போயிடும்" என்று சிரித்தார்.

இரண்டு நீலக் கண்ணாடிக் கிண்ணங்கள், மேலே எண் மட்டும். கையில் பொத்திச் சூடாக்கி, மோந்து, ஒரு வாய் உறிஞ்ச வேண்டும். கசப்பும் காரமும் நல்ல எண்ணெயின் குணம் என்று தலைவர் சொல்லித்தான் இருந்தார். எவ்வளவு கசப்பு என்று சொல்லவில்லை. முதல் கிண்ணம் தொண்டையைக் கமறவைத்து, கண்ணில் நீர் வர இருமவைத்தது. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் இப்படிக் கமறினால் விளக்குக்கு ஒதுக்கிவிடுவோம். இது குணமா, கோளாறா? இரண்டாவது கிண்ணம் வழுவழுவென்று இறங்கியது. இதுதான் அவர் வளர்த்ததாக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு. முதலாவதற்குக் குறைத்தேன், இரண்டாவதற்கு அள்ளிப் போட்டேன்.

எந்த எண் எந்த வரிசை என்று பிரித்தபோது மற்ற நால்வரும் இரண்டுக்கு இரண்டாக நின்றார்கள். என் தாள்தான் முடிவு செய்தது. முதல் கிண்ணம்தான் மேற்கு வரிசை; அது தோற்றது. நான் இருமியதைச் சொன்னதும் தலைவர் திகைத்தார். இருமல் வந்தால் அது தரமான எண்ணெயாயிற்றே! அப்படியானால் மாற்றித் தருகிறேன் என்றேன். எது எந்த வரிசை என்று தெரிந்தபின் மாற்றினால் அது ஆராய்ச்சியே இல்லை என்றார். எண்ணெய்க்காக மாற்றக் கேட்டேனா, அந்த மனிதருக்காகவா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

என் தாள் பற்றிய சேதி அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் லேப் வாசலில் சின்ன பாட்டிலோடு நின்றார். அவரவர் வளர்த்த வரிசை எண்ணெயை ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தார்களாம்.

"ரூம்ல சோத்துல ஊத்திப் பாத்தோம் மேடம். ஒரே கசப்பு, தொண்டையப் புடிச்சுக்குது. இதப் போயி நல்லா வளத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க. நீங்க கரெக்டாத்தான் போட்டிருக்கீங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"இல்லண்ணே, அது நல்ல எண்ணெய். அது அப்படித்தான் இருக்கணும்."

பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு மேடம் வெட்டுறாங்க?"