அண்ணனின் வயிற்றுச் சூடு

என் மகளுக்குப் பதினாலு வயது. நாலு மாதமாக மலத்தில் ரத்தம் போயிற்று. குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் குடல் அழற்சி நோய் என்றார். பிறகு, “குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “எங்க வீட்டுல யாருக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது.”

அது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போவான். ஆறு இடுப்பளவு ஓடும், அடியில் மணல் தெரியும். அவன் கூட்டாளிகள் அக்கரை வரை நீந்துவார்கள். அண்ணன் படியை விட்டு நகரமாட்டான்.

“ஏலே, தண்ணி ஒன்னயக் கடிச்சிருமா?” என்று கத்துவார்கள். அவனும் சிரிப்பான். வயிறு முறுக்கினால் உடனே வெளிக்கு ஓட வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் அந்தக் காலை வெயிலையும் ஈரத் தலையோடு திரும்பிவந்ததையும் நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அவன் மெலிந்துகொண்டே போனான். வீட்டில் அதற்கு ஒரே காரணம் சொன்னார்கள், சூடு. சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல், விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம். “கண்ட கடையில பரோட்டா திங்கான்லா, பெறவு என்ன செய்யும்?” என்பார் அப்பா. பெரிய டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கைக்கு வரன் அமையாது என்று பயந்தார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கத்து வழக்கப்படி தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி. “பையன் ஏன் இப்படி ஒடுங்கிக் கெடக்கான்?” என்று என் மாமியார் கேட்டார். அண்ணன் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான். “அண்ணாச்சி, சொதிய இங்கன கொண்டாங்க, இன்னும் ரெண்டு கரண்டி.” அதற்குப் பிறகு பத்து நாள் படுக்கையில் கிடந்தான்.

மருத்துவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். குடலில் காவல் காக்கும் வெள்ளணுக்கள், அங்கே எப்போதும் குடியிருக்கும் கிருமிகளை அடையாளம் கண்டு சும்மா விட்டுவிடும். சில குடும்பங்களில் மரபணு ஒன்று மாறியிருக்கும். அப்போது அணுக்கள் தடுமாறி அந்தக் கிருமிகள் மேல் பாயும், பாய்ந்தால் நிறுத்தவும் தெரியாது. குடல் புண்ணாகும். மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அண்ணன் ரத்தம் கொடுத்தால், அவனுக்கும் மகளுக்கும் ஒரே மாற்றம்தானா, என் இளைய மகனையும் கவனிக்க வேண்டுமா என்று பார்க்கலாம்.

அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். அவனிடம் போனில் சொல்லி முடித்தேன்.

“ஒனக்குச் சங்கடம்னா வேண்டாம்ணே.”

“ஏட்டி, எம்புள்ளைக்கும் இருந்தா என்ன செய்ய? அவளையும் கூட்டிட்டு வாரேன்.”

“மாப்பிள்ளை வீட்டுல கேட்டா?”

“கேட்டாச் சொல்லுவோம்.”