உள்ளங்கையில் ஒரு சங்கு

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்தது என் சித்தி. பள்ளிக்கூடத்தில் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறிச் சித்தி என்றால் முறைப்பாள். கடல் உயிர்களை நேரில் காட்டுகிறேன் என்று திருப்பூரிலிருந்து மண்டபம் கடற்கரைக்கு எங்களை வேனில் கூட்டிப்போனதும் அவள்தான். பாதிப் பேர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், சாயம் கலந்து ஓடும் நொய்யல்.

கடல் உள்வாங்கியிருந்த காலை. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீனையும் கடல் அட்டையையும் காட்டிக்கொண்டே சித்தி முன்னால் போனாள். நான் பின்தங்கி, ஒரு குழிக்குள் கைவிட்டுச் சங்கு ஒன்றை எடுத்தேன். வெள்ளையில் பழுப்புக் கட்டங்கள். அப்பா பனியன் துணிக்குப் பிரிண்டிங் போடுபவர். இப்படியொரு டிசைனை அவரே பார்த்திருக்கமாட்டார் என்று தோன்றியது.

"மிஸ், இங்க பாருங்க."

திரும்பிய சித்தி அப்படியே நின்றாள். எங்களுக்கு நடுவே பாசி படிந்த பாறைகள். அவள் ஓடி வரவில்லை.

"கண்ணு, சித்தி சொல்றதக் கேளுங்க. கைய மூடாதீங்க."

அதட்டியே பழகியவள் என்னிடம் மரியாதையாகப் பேசியதும், கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். தோழிகளும் சிரித்தார்கள். சங்கின் ஒடுங்கிய முனையிலிருந்து மெல்லிய குழல் ஒன்று வெளியே நீண்டு, என் கட்டைவிரல் பக்கம் எதையோ தேடியது. கூச்சத்தில் விரல்கள் தாமாக மடங்கப் பார்த்தன.

"மடக்காதீங்க கண்ணு. அப்படியே தண்ணிக்குள்ள சாச்சு உட்ருங்க. மெதுவா."

சாய்த்தேன். சங்கு நழுவி விழுந்தது. அதன் பிறகுதான் சித்தி வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு சேலையோடு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது கூம்புச் சங்கு. உள்ளிருக்கும் நத்தை நஞ்சு ஊசியால் குத்தும். குத்தியது சில சமயம் தெரியவே தெரியாது. முதலில் அந்த இடம் மரத்துப்போகும், அப்புறம் மூச்சே நின்றுவிடலாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

வேனில் என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மரத்துப்போச்சா கண்ணு?" என்று கேட்டபடியே வந்தாள். அவள் பிடித்த பிடியில் விரல்கள் நிஜமாகவே மரத்துத்தான் போயிருந்தன.

"ஆமாங்க மிஸ்."

சித்தி டிரைவரின் தோளை உலுக்கி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

ராமநாதபுரத்தில் டாக்டர் என் கையைப் பார்க்க வந்தார். சித்தி விட்டபாடில்லை.

"டீச்சர், நீங்க விட்டாத்தான நான் பாக்க முடியும்?"

அவரே அவள் விரல்களை விலக்கினார். என் மணிக்கட்டில் அவை சிவப்பாகப் பதிந்திருந்தன. எங்கும் குத்திய தடமில்லை. கொஞ்ச நேரத்தில் கையில் உணர்வு திரும்பியது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"சரியாயிருச்சுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்; அவள் தோள்கள் குலுங்கின. அவளும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, ஊர் வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.