ஒரு துளை முன்னால்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கூட்டம், அதனால்தான் நிற்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு மேல், மலையில் எங்கள் ஊரான நெல்லிவாசலுக்குப் போகும் ஷேர் ஜீப்பில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். இடது பிட்டத்துக்கு அடியில், நாம் உட்காரும்போது அழுந்தும் அந்த எலும்பின் மேல் சுட்ட கல்லை வைத்ததுபோல் இருந்தது.

எதிரில் இருந்த அம்மா, "இன்னாமே, எடம் இருக்குது, உக்காரு," என்றார்.

"பரவால்லங்க, நிக்கறேன்."

ஊர் வரும்வரை பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் விழுந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

சென்னைக்குத் தெற்கே உப்பங்கழி ஓரத்தில் ஒரு நீர் விளையாட்டு நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். சேர்ந்தது விருந்தினர்களின் உயிர்காப்புச் சட்டைகளை அலசிக் காயப்போடும் வேலைக்கு. விருந்தினர் வராத நாட்களில் பயிற்சியாளர் எங்களையும் சறுக்குப் பலகையில் ஏற்றிப் பார்ப்பார். மற்றவர்கள் சிரித்து விழுந்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் விழவில்லை. அப்படித்தான் ஸ்லாலம் என் கைக்கு வந்தது. ஒரே பலகை. முன்னும் பின்னுமாக இரண்டு கால்கள். கையில் பிடித்த கயிற்றால் படகு நம்மை நேராக இழுத்துப்போகும். நாம் இடமும் வலமுமாக ஆறு மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். ஆறும் முடிய இருபது நொடிகூட ஆகாது.

படகோட்டி அந்தோணி. செங்கம் பக்கத்து அடிவார ஊர்க்காரன். பலகைகளைச் சரிபார்ப்பதும் அவன்தான். பிறகு என் கணவன் ஆனான். மலையில் என் அம்மாவும், கீழே அவன் அண்ணனும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு சமாதானம் ஆனார்கள்.

ஸ்லாலம் பலகையில் முன்காலுக்கு ஒரு பூட்ஸ் உண்டு. பின்காலைச் செருகிக்கொள்ள ஒரு பட்டை. பூட்ஸைத் தாங்கும் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். திருகாணிகளைக் கழற்றி, ஒரு துளை முன்னாலோ பின்னாலோ நகர்த்தி மறுபடி முடுக்கலாம். ஒரு துளை என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனாலும் பின்னால் தள்ளினால் பலகையின் மூக்கு தூக்கும். முன்னால் தள்ளினால் மூக்கு தண்ணீரைக் கடிக்கும். அளவாகக் கடித்தால் திருப்பம் அழகாக வரும். அதிகம் கடித்தால் பலகை நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

அந்த ஐப்பசியில் எனக்கு நாலாவது மிதவை தவறிக்கொண்டே இருந்தது. ஒரு போட்டிக்கு நிலையத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தார்கள். நான் நச்சரித்ததில் அந்தோணி பூட்ஸை ஒரு துளை முன்னால் வைத்தான்.

"மூணு நாளு இதுலயே ஓட்டிப் பாரு," என்றான். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டத் தொட்டா எது இன்னா பண்ணுச்சின்னே தெரியாது."

மறுநாள் காலை நான் மூன்றாவது மிதவையைச் சுற்றும்போது பலகை தண்ணீரில் குத்தி நின்றது. உடம்பு முன்னால் மடிந்தது. பின்கால் பட்டையிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டது. பூட்ஸுக்குள் இருந்த இடதுகால் வரவில்லை. முழங்கால் நீட்டியபடி இருக்க, நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு மடங்கினேன். தண்ணீருக்குள் "டப்" என்று ஒரு சத்தம். ஈரக்கயிறு அறுந்த மாதிரி. கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்தோணி படகைத் திருப்பி வந்து குதித்து, பூட்ஸின் நாடாவை அவிழ்த்து என்னைத் தூக்கினான். அந்தப் பலகையை அவன் அதற்குப் பிறகு தொடவே இல்லை. வேறொரு ஊழியர் பூட்ஸைக் கழற்றி, பலகையைக் கிடங்கில் சாய்த்து வைத்தார்.

பக்கத்து ஊர் சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. "தசை இழுத்துக்கிச்சு. மாத்திரை போடுங்க, ஓய்வெடுங்க," என்றார் மருத்துவர். ஓய்வு என்றால் எனக்கு அம்மா வீடு. அந்தோணியால் வேலையை விட்டு வர முடியவில்லை. அதனால் தனியாகப் புறப்பட்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி விழுந்து, ஒரு சத்தம் கேட்டு, உட்கார முடியாமல் போயிருந்தால் தயவுசெய்து எக்ஸ்ரேயோடு நிற்காதீர்கள். தசைநார் அறுந்தது எக்ஸ்ரேயில் தெரியாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஊரில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் அன்று வீட்டில் நின்றார். குளிக்கும்போது என் தொடையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை நாவல்பழ நிறம்.

"இன்னாடி இது, இப்டி ரத்தம் கட்டிக் கெடக்குது?"

"சுளுக்குதாம்மா. டாக்டரே சொல்லிட்டாரு."

அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். கறுப்பு மெல்லப் பச்சையாகி மஞ்சளானது. குணமாகிறது என்று நாங்கள் நம்பினோம். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். குப்புறப் படுத்துத் தூங்கினேன். ஐந்து வாரம் போனது.

ஒரு நாள் அறுப்பு நடக்கும் இடத்துக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வரப்பில் ஏறி நின்றபோது அம்மா, "செருப்பு எங்கடி?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வந்த வழியே திரும்பிப் பார்த்தால், ரொம்ப தூரத்தில், கல்லிடுக்கில் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலால் முள்ளிலும் கல்லிலும் நடந்திருக்கிறேன். பாதத்தில் ரத்தம். வலி மட்டும் இல்லை.

அன்றுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

அந்தோணி செய்தி கேட்டு மறுநாளே வந்தான். புளி ஏற்றும் ஒரு மினி லாரியின் பின்னால் மெத்தை விரித்து என்னைக் குப்புறப் படுக்கவைத்து வேலூருக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு வளைவிலும் என் இடுப்பில் கைவைத்து அழுத்திக்கொண்டே வந்தான், நான் உருண்டுவிடாமல் இருக்க.

எம்.ஆர்.ஐ (காந்தத்தால் உடம்பின் உட்பகுதியைப் படம் எடுப்பது) முடிந்ததும் அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடையின் பின்பக்கத் தசைகள் மூன்றும் உட்காரும் எலும்பில் தசைநாரால் பிடித்திருக்கும். எனக்கு மூன்றுமே எலும்பை விட்டுப் பிய்ந்து, கீழே சுருண்டுபோயிருந்தன. பக்கத்தில் ஓடும் சியாட்டிக் நரம்பு (இடுப்பிலிருந்து பாதம் வரை போகும் பெரிய நரம்பு) பிய்ந்த இடத்தில் உண்டான தழும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப விழுந்தீங்க?"

"அஞ்சு வாரம் ஆச்சுங்க."

"ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா சுலபமா இழுத்துத் தெச்சிருக்கலாம். இப்பவும் செய்வோம். ஆனா காலு பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அந்தோணி சுவரோரம் நின்றிருந்தான். "நாந்தான் சார் பூட்ஸ முன்னால தள்ளி வச்சேன்," என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

மருத்துவர், "பலகையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றார்.

நான் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். என் முகம் தலையணையில் இருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அறுவை சிகிச்சையில் நரம்பைத் தழும்பிலிருந்து பிரித்தெடுத்து, தசைநாரை மேலே இழுத்து, எலும்பில் சிறு திருகுகளை இறக்கி அவற்றிலிருந்து வரும் நூலால் கட்டினார்கள். முழங்கால் நீளாமல் இருக்க ஒரு கீல் பட்டை (மடக்கிய கோணத்தில் பூட்டி வைக்கும் தாங்கி) போட்டார்கள். ஆறு வாரம் உட்காரக் கூடாது. இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். அவர் அந்தோணியிடம் கீலின் பக்கத்தில் இருக்கும் திருகைக் காட்டினார்.

"வாரத்துக்கு ஒரு படி மட்டும் திறங்க அண்ணா. ஒண்ணுதான். அவசரப்பட்டு ரெண்டு வச்சா தெச்சது பிஞ்சிடும்."

அந்தோணி தலையாட்டினான். திருகைத் தொட்டுப் பார்க்கவில்லை.

என்னை மலையில் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபின் அவன் படகு வேலையை விட்டுவிட்டான். அந்த மினி லாரியையே ஓட்டிக்கொண்டு, புளியும் பலாவும் ஏற்றிச் செங்கம் சந்தைக்குப் போய்வந்தான். வந்ததும் என்னைத் துடைத்து, தலைவாரி, பக்கத்தில் படுத்துச் சோறு ஊட்டுவான். லாரியின் சக்கரத்தில் ஆணி முடுக்கினால்கூட அடுத்தவனைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவ பாருப்பா," என்பானாம். அம்மா சொன்னார். படகு என்ஜினை இருட்டில்கூடப் பிரித்துப் பூட்டியவன் அவன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அவனே முந்திக்கொண்டு சொல்வான்: "என் கைதாங்க. நான் செஞ்சதுதான்." என் அம்மாவிடம் சொன்னான். தன் அண்ணனிடம் சொன்னான். அம்மா சில நாட்கள் அவனுக்குத் தட்டை வைக்கும்போது சத்தம் வரும்படி வைத்தார்.

கீலைத் திறக்க வேண்டிய முதல் நாள். என் கால் பக்கம் மண்டியிட்டுத் திருகில் விரலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"என்னால முடியல கோமு. நீயே பண்ணிக்கோ. இல்ல, வேலூருக்கே போய்ட்டு வந்துடலாம்."

அந்த முகத்தைப் பார்த்தபடி என்னால் மேலும் பொய்யாக இருக்க முடியவில்லை.

"அந்தோணி, நீ வச்ச எடத்துல பூட்ஸ நான் வுடல."

"இன்னா சொல்ற?"

"அன்னிக்குக் காலையில நீ பெட்ரோல் கேன் எடுக்கப் போனில்ல. அப்ப நானே கழட்டி இன்னொரு துள முன்னால தள்ளிட்டேன்."

அவன் திருகிலிருந்து கையை எடுத்தான். "எத்தினி துள?"

"ஒண்ணு."

"நான் வச்சதுக்கு மேலயா?"

"ஆமா."

வெளியே அம்மா மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார். அவன் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் தரையையே பார்த்தான்.

"டாக்டராண்ட நான் சொன்னப்ப நீ அங்கதான படுத்திருந்த?"

"ஆமா."

"முழிச்சிக்கினுதான இருந்த?"

"ஆமா."

அவன் எழுந்துபோய் லாரியை எடுத்தான். பதினொரு நாள் வரவில்லை. கீலை நானே திறந்தேன். குப்புறப் படுத்தபடி, கையைப் பின்னால் நீட்டி, தடவித் தடவி, ஒரு படி.

ஏன் மறைத்தேன்? பயம் என்றால் பாதி உண்மை. அவன் தவறு என்றால் அவன் எனக்குச் செய்வதெல்லாம் கடமை. என் தவறு என்றால் அது கருணை. இன்னொருவர் கையால் கழுவப்படும் நிலையில் கருணையை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமானது. நோய்வாய்ப்பட்டவர் சொல்வதை யாரும் சந்தேகிப்பதில்லை. அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை நான் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். அந்த ஒரு துளைதான் என்னைத் தள்ளியதா, அது இல்லாமலும் விழுந்திருப்பேனா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவனைத் தள்ளியது நான்தான். அதில் சந்தேகம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தான். முதலில் அம்மாவிடம் போய், "நான் சொன்னது தப்பு அத்த. நான் வச்சது சரியாத்தான் இருந்துச்சு," என்றான். அவ்வளவுதான். யார் செய்தது என்று அவன் சொல்லவில்லை. பிறகு நானே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

என்னிடம், "திட்டமாட்டேன். ஆனா இப்ப ஒண்ணும் கேக்காத," என்றான்.

பட்டை கழன்று, நான் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவன் மறுபடி படகு வேலைக்குப் போனான். இந்தமுறை கேரளத்தில், ஒரு காயல் ஓரம். என்ஜினை மறுபடி தானே பிரித்துப் பூட்டுவதாகச் சொன்னான். என்னையும் கூப்பிட்டான். அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது என்றேன். அது உண்மை. தண்ணீரைப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. இன்னொன்றும் இருந்தது, அதை இருவருமே சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வருகிறான். அன்பாகத்தான் இருக்கிறான். என்னிடம் எதைக் கேட்டாலும் இரண்டு முறை கேட்கிறான்.

இப்போது என் இடது செருப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது. பாதம் தொங்கிவிடாமல் தூக்கிப் பிடிக்க. சமதரையில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் சமதரை குறைவு. ஜீப் நிற்கும் மந்தைவெளியிலிருந்து வீட்டுக்கு ஏற முன்பு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு நினைவில்லை, ஏனென்றால் அதை நான் நேரமாக நினைத்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வருகிறது.

ஓராண்டு கழித்து வேலூருக்குப் போனபோது மருத்துவர் என் காலை மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார். "சுர்ருன்னு இருக்கா?" "இருக்குங்க." "இங்க?" "இருக்குங்க." முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், அது நின்றது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"நரம்பு இதுவரைக்கும் வந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போகும். சில நாள் அதுவும் போகாது. பாதம் வரைக்கும் வருமான்னு காத்திருந்துதான் பாக்கணும்."

கோடு குளித்ததில் அழிந்தது. அழியும்போதெல்லாம் நான் அதே இடத்தில் மறுபடி மையால் இழுத்து வைத்துக்கொண்டேன்.

இந்தப் பங்குனியில் புளி உலுக்கியபோது அம்மாவும் நானும் மரத்தடியில் பழம் பொறுக்கினோம். நான் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தேன். இடது காலில் ஏதோ சுரீரென்றது. பார்த்தேன். கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே ஒரு கட்டெறும்பு கடித்துக்கொண்டிருந்தது. அம்மா பதறி அதைத் தட்ட வந்தார்.

"வுடும்மா," என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பழங்கள் கிடந்தபடி கிடக்க, இருவரும் அந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.