வரும் வழிக்குக் கட்டிய பெட்டி

காலை ஏழு மணி நாற்பது நிமிஷம். ஆம்பூர் ஸ்டேஷன். வண்டி நின்றதும் நான் முதலில் பார்த்தது ஒரு கம்பளிக் கோட்டை.

போட்டிருந்த ஆளின் முகம் தெரியவில்லை. நடுவில் ஒருவர் தலையில் மாங்காய்க் கூடையோடு நின்றார். கோட்டு மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறம். முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தது. கைகள் இரண்டும் தொங்கின. விரல்கள் வெளியே வரவில்லை.

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. பிளாட்பாரத்துக் கல் அந்த நேரத்துக்கே சுடத் தொடங்கியிருந்தது. மேல்துண்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்திவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

அந்தக் கோட்டு எனக்குத் தெரிந்த கோட்டு. யாருக்காகத் தைத்தது என்று தெரியும். ஆம்பூர் வருவதற்கு வெகு முன்பே அது பெட்டிக்குள் போயிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கப்பல் பயணத்துக்கு மூட்டை கட்டுவது எப்படி என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போகிற காலம், கேட்க வேண்டியதுதான். இந்த வாரம் அதை இலேசாக எழுதலாம் என்றிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கௌஸ் சாயபுவின் பெட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். கேட்ட யோசனையும் இதற்குள் இருக்கிறது.

கௌஸ் சாயபு ஆம்பூரில் தோல் கிடங்கு வைத்திருப்பவர். மதராஸ் பத்திரிகை ஒன்றுக்கு நான் தோல் மார்க்கெட் நிலவரம் எழுதிய நாளிலிருந்து பழக்கம். ஒரே மகன், ரஷீத். தோலுக்குச் சாயம் ஏற்றும் வித்தையைப் படிக்க இங்கிலாந்து போனவன். போன குளிர்காலத்தில் மார்பில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். குளிர் குறைந்ததும் ஊருக்கு அழைத்துப் போகலாம் என்று அங்குள்ள டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருந்தார். வழியில் உடம்பில் சில்லிப்பு ஏறக் கூடாது. திடீரென்று சூடு படுவதும் ஆகாது.

தகப்பனாரே போய் அழைத்து வருவதென்று முடிவாயிற்று. எனக்கும் அப்போது பத்திரிகை வேலையாக பிரான்சில் மார்செய் துறைமுகம் வரை போக வேண்டியிருந்தது. ஒரே கப்பல், ஒரே காபின். முன்பு ஒரு முறை அந்தக் கடலைக் கடந்தவன் நான் என்பதால், மூட்டை கட்டுகிற அன்று வரச் சொல்லியிருந்தார்.

நான் சொன்னதை இங்கே திருப்பிச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் பம்பாயில் கப்பல் ஏறினால் மெல்லிய மல் துணி போதும். ஏடனைத் தாண்டிச் செங்கடலில் அந்த மல் துணியும் பாரமாக இருக்கும். சூயஸ் கால்வாயில் பொழுது சாய்ந்ததும் போர்வையைத் தேடுவீர்கள். போர்ட் செயித்தை விட்டு மத்தியதரைக் கடலுக்குள் போய்விட்டால் எதையும் நம்ப முடியாது... காலையில் வெயில், மத்தியானம் மழை, ராத்திரி பல் கிட்டும். ஆகவே எல்லாத் துணியும் வேண்டும். எல்லாம் கைக்கு எட்டவும் வேண்டும்.

கதவில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து சாயபுவின் மனைவி கேட்டார்.

"அண்ணே, நீங்க போற வழியச் சொல்றீங்க. புள்ள வர்ற வழியச் சொல்லுங்க. அங்கருந்து கெளம்பினா மொதல்ல இன்னா வரும்?"

"குளிர்தாம்மா."

"கடைசில?"

"நம்ம ஊரு வெயிலு."

"அப்ப வெயிலு துணி அடில போவட்டும். கம்பளி மேல இருக்கட்டும்."

அப்படியே கட்டினார்கள். பெட்டியின் அடியில் ஒரு வெள்ளை ஜிப்பா. ரஷீத் ஆம்பூரில் இறங்கும்போது போட்டுக்கொள்ள. அதன் மேல் செங்கடலுக்கு மல் துணிகள். அதற்கு மேல் ஃப்ளானல் சட்டைகள், காலுறைகள், மார்புக்குக் கட்ட பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே கம்பளிக் கோட்டு. ஒவ்வொரு துணியும் திரைக்குள்ளிருந்து வந்தது. வருவதற்கு முன்னால் உள்ளே மெல்லிய முணுமுணுப்புக் கேட்கும். பிறகு ஊதும் சத்தம். அந்த அம்மாள் ஒவ்வொன்றின் மேலும் ஓதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கோட்டைச் சாயபு கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"கை நீட்டமா இருக்குதே."

"ரெண்டு விரக்கடை ஜாஸ்தி வெச்சுத்தான் தைக்கச் சொன்னேன். வளந்திருப்பான்."

"நோவுல படுத்த புள்ள எங்க வளரும்?"

"தொட்டில்ல படுத்துக்கினுதானே வளந்தான்?"

சாயபு கோட்டை மடித்து வைத்தார்.

பெட்டியை மூடக் கிடங்கிலிருந்து முனிசாமி மேஸ்திரி வந்தார். சீமைக்குப் போகும் தோல் கட்டுகளை அழுத்திக் கட்டுகிறவர். தோலுக்குப் போடுகிற கணக்கில் இரண்டு கை அந்துருண்டையை அள்ளித் தூவினார். மூடியின் மேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

"சுண்ணாம்புத் தொட்டில போட்டு ஆட்டு ரோமத்த எடுத்து எடுத்தே பொழைக்கிறோம். இப்ப அதே ரோமத்துக்குப் பெங்களூருக்கு ஓடுறோம். நல்லா கீதுய்யா நம்ம பொழப்பு!"

உண்மைதான். குளிர் நாட்டுக் கால்களுக்கெல்லாம் தோல் அனுப்புகிற ஊர். ஒரு கம்பளிக் கோட்டு வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டும்.

பெட்டியை வண்டியில் ஏற்ற மேஸ்திரிக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அப்படியும் நடுவில் ஒரு முறை கீழே வைத்தார்கள்.

"இன்னா சாய்பே, உள்ள ஆளு யாராச்சும் கீறாங்களா?"

திரைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது.

"உங்க பெட்டி எங்கே?" என்று சாயபுவைக் கேட்டேன். தோளில் மாட்டியிருந்த துணிப்பையைக் காட்டினார். மாற்று உடைகள், தொழுகைப் பாய், ஒரு டப்பா.

"குளுருக்கு?"

"எனக்கின்னா மொதலியாரே... தொட்டித் தண்ணில நின்ன ஒடம்பு இது."

கப்பலில் செங்கடல் வரை நான் சொன்னபடியே நடந்தது. சாயபு யாரோடும் அதிகம் பேசவில்லை. தினமும் காலையில் பெட்டியின் மேல் படிந்த உப்பு ஈரத்தைத் துடைப்பார். மத்தியானம் கயிற்றை அவிழ்த்து மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். தோல்காரர், பூஞ்சை எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். சாயங்காலக் காற்று வருவதற்குள் மூடிவிடுவார். துணிகளைத் தொடமாட்டார். பார்ப்பதோடு சரி.

போர்ட் செயித்தை விட்ட மறுநாள் மத்தியானத்துக்கு மேல் காற்று திசை மாறியது. கொஞ்ச நேரத்தில் டெக் காலியாகிவிட்டது. சாயபு காபினுக்குள் வந்தபோது உதடு நிறம் மாறியிருந்தது. பையில் இருந்த எல்லாச் சட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அதன் மேல் ஷெர்வானியையும் போட்டிருந்தார். எல்லாம் பருத்தி. கை நடுங்கி, பொத்தானைப் போட முடியவில்லை.

"அந்தக் கோட்ட எடுத்துப் போட்டுக்குங்களேன் சாய்பே. மேலயே இருக்குது."

"அது அவனோடது."

"அவனோடதுதான். ரெண்டு நாளு நீங்க போட்டா தேஞ்சா போயிடும்?"

"தேயாது." பொத்தானை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "ஓதி ஊதின துணி மொதலியாரே. மொதல்ல யாரு போடுறாங்களோ அவங்களுக்குத்தான் அது சேரும். நான் போட்டா எனக்குப் போயிடும். அப்புறம் புள்ளைக்கு வெறும் துணிதானே மிச்சம்?"

எதிர்வாதம் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். எழுந்து வெளியே போனேன்.

கப்பல் கம்பளி ஒன்று கேட்டு வாங்கினேன். என் மஃப்ளரைக் கொடுத்தேன். வேலைக்காக எடுத்து வந்த பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தது. அவற்றை மடித்துச் சட்டைக்கும் ஷெர்வானிக்கும் நடுவே முன்னும் பின்னும் செருகிவிட்டேன். காகிதம் காற்றைத் தடுக்கும். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது.

"உங்க பேப்பரு சூடா இருக்குது மொதலியாரே," என்றார். "மொத தடவையா."

பயணம் முழுவதிலும் அவர் செய்த கேலி அது ஒன்றுதான். நான் எழுதியவற்றில் ஒரு மனிதனுக்கு நேராகப் பயன்பட்டதும் அந்தக் கட்டுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ராத்திரி அவர் தூங்கிய பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மழை வரும், காற்று வரும் என்று கணக்குப் போட்டு மூட்டை கட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறோம். வாசகர்களே, உங்கள் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் எத்தனை துணி வானத்துக்குப் பயந்து வைத்தது? எத்தனை துணி, வைத்தவருடைய பயத்தை அடக்க வைத்தது? அம்மா போடுகிற அந்த ஐந்தாவது சட்டைக்கு எந்த ஊரில் குளிர்?

மார்செய்யில் இறங்கியபோது மழை. அங்கிருந்து ரெயிலில் போனால் லண்டனுக்குச் சில நாட்கள் மிச்சமாகும் என்று சாயபு ரெயிலில் போக ஏற்பாடு. பெட்டியைத் துறைமுகக் கூலிகள் இரண்டு பேர் தூக்கினார்கள். விடைபெறும்போது அணைத்துக்கொண்டார். மார்பில் பேப்பர் சரசரத்தது. எடுக்காமல் வைத்திருந்தார்.

"சித்திரைக்குள்ள வந்துருவோம். நீங்க ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வரணும். அடில கீதே வெள்ள ஜிப்பா, அதப் போட்டுக்கினு எறங்குவான். பாருங்க."

வருகிறேன் என்று சொன்னேன்.

என் வேலை முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரஷீத் எழுந்து உட்காருகிறான். கஞ்சி குடிக்கிறான். ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கோட்டை மாட்டி உட்கார வைத்தார்கள். கை அளவு சரியாக இருக்கிறது. வீட்டில் சொல்லிவிடவும்.

ஆம்பூர் போய்ச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து, "நான் சொன்னேன் இல்ல அண்ணே, வளந்திருப்பான்னு?" என்று கேட்டார்.

அதற்குப் பின் கடிதம் இல்லை. போன வாரம் பம்பாயிலிருந்து ஒரு தந்தி மட்டும் வந்தது. வியாழக்கிழமை காலை வண்டி என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். பின்கட்டு அறையில் காற்று வர ஒரு ஜன்னல் பெரிதாக்கினார்கள். நான் வேலூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். முனிசாமி மேஸ்திரி எனக்கு முன்னால் வந்து, மாட்டு வண்டியோடும் பெட்டி தூக்க இன்னொரு ஆளோடும் நின்றிருந்தார்.

மாங்காய்க் கூடைக்காரர் நகர்ந்தார்.

கோட்டுக்குள் இருந்தவர் கௌஸ் சாயபு. தாடி முழுக்க வெளுத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் காலருக்குள் போயிற்று. துடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வண்டியின் கதவு திறந்தே இருந்தது. மேஸ்திரி அதை எட்டி எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு யாரும் இறங்கவில்லை. கார்டு விசில் கொடுத்தார். வண்டி ஜோலார்பேட்டைப் பக்கம் நகர்ந்தது.

சாயபுவின் காலடியில் கயிறு கட்டிய அந்தப் பெட்டி இருந்தது. முதலில் மேஸ்திரிதான் பேசினார். அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"இன்னா சாய்பே... இந்த வெயில்ல போயி கோட்டு? கழட்டி பெட்டில வெச்சிருக்கலாம் இல்ல?"

சாயபு கோட்டின் கைகளைப் பார்த்தார். இடது கையால் வலது கையின் ஓரத்தை மெதுவாக ஒரு மடிப்பு மடித்தார். விரல்கள் வெளியே வந்தன.

"பெட்டில எடம் இல்ல, மேஸ்திரி," என்றார்.

மேஸ்திரியோடு வந்த ஆள் குனிவதற்குள், முனிசாமி பெட்டியை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்தார்.