வெள்ளிக்கிழமைக் காவலும் ஞாயிற்றுக்கிழமைக் காவலும்

திங்கட்கிழமை காலை கற்பிட்டி பஸ் புத்தளத்தில் வந்து நின்றதும் அதன் கொண்டக்டர் என்னைத் தேடி வந்தார். "குறிஞ்சிப்பிட்டிச் சூளைக்கார உம்மா மௌத்தாகிட்டா ஐயா. நேத்துக் காலமையே அடக்கியாச்சு" என்றார். ஜனாஸாவை, அந்த இறுதி அடக்கத்தைக் காண எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மறுநாள் அதே பஸ்ஸில் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன்.

சூளைக்கார உம்மா என்று இந்தக் கரை முழுவதும் அறிந்திருந்த செய்னம்பு உம்மா அவர்கள், கணவர் இறந்தபின் அவருடைய சுண்ணாம்புச் சூளையைத் தாமே நடத்தி வந்தவர். சிப்பி சுட விறகு வேண்டும். விறகு களப்பின் உப்புநீர் ஓரத்தில் வளரும் கண்டல் மரக் காட்டில் இருந்தது. பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்களுக்கும் அதே காடுதான் வேண்டும். கண்டல் பட்டையை அவித்த சாயத்தில் தோய்க்காத பருத்தி வலை சீக்கிரம் இற்றுப்போகும். உலக யுத்தம் வந்து நூல் கிடைக்காத நாட்களில் வலை இற்றால் அடுப்பு எரியாது.

காடு அழிகிறது என்று அரசாங்க அலுவலகமான காட்டுக் கந்தோர் அதை எல்லாருக்கும் மூடியது. மூடியபின் அழிவு கூடியது. வெட்டினால் கோடரிச் சத்தம் கேட்கும் என்பதால் மரத்தை நிற்கவிட்டே பட்டையை உரித்தார்கள். உரிந்த மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. சூளைக்காரர் மீது மீனவரும், மீனவர் மீது சூளைக்காரரும் பழி சொன்னார்கள்.

விசாரணைக்குக் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தார். பத்திரிகைக்குச் செய்தி எழுத நானும் போயிருந்தேன். பக்க வாசலில் முக்காட்டோடு நின்ற உம்மா அவர்கள், துரையை விட்டுவிட்டு மீனவர் தலைவரான சூசைச் சம்மாட்டியைப் பார்த்துப் பேசினார்.

"சூசை, உனக்கு வேணும் தோல். எனக்கு வேணும் எலும்பு. பொறகு ஏன் நாம ரெண்டு பேரும் ரெண்டு ஆடு அறுக்கிறம்?"

மண்டபம் சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. "இறைச்சி ஆருக்கு உம்மா?" என்று கேட்டார்.

"இறைச்சி றாலுக்கும் நண்டுக்கும். அதுகள் வளர்ற தண்ணியோரத்து மரத்த ஒருத்தரும் தொடப்படாது."

அன்று மாலைக்குள் திட்டம் உருவாகிவிட்டது. காட்டைத் துண்டுகளாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு துண்டில் மட்டும் வெட்டுவது. மீனவர் பட்டையை உரித்துக்கொள்ள, வெறுங்கட்டை சூளைக்குப் போவது. விழுந்த சுள்ளியும் ஓரத்துக் கூனி இறாலும் இரண்டு ஊர்க் கைம்பெண்களுக்கு. மூடிய துண்டில் வெட்டுபவரின் ஊர் ஒரு வருடப் பங்கை இழக்கும். யார் காவல் என்று துரை கேட்டார். உம்மா அவர்களே பதில் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நாங்க ஜும்மாவில, அவங்க பாக்கட்டும். ஞாயித்துக்கிழமை அவங்க பூசையில, நாங்க பாக்கிறம். மத்த நாள் ரெண்டு ஊரும்."

துரை ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதி தந்தார். மூடிய துண்டில் ஒரு பச்சை மரம் விழுந்தாலும் எல்லாவற்றையும் ரத்துச் செய்யத் தமக்கு அதிகாரம் உண்டு என்றும் சொல்லிப் போனார்.

வருடம் முடியும் தறுவாயில் உம்மா அவர்களின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அதற்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை நான் அவர் வீட்டு முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தேன். சூசை மூடிய துண்டில் வெட்டிய ஒரு கட்டுப் பச்சைக் கண்டல் கம்போடு வந்தார். பின்னால் தலைகுனிந்து வந்தவர் உம்மாவின் சொந்தத் தம்பி அசனார்.

"பந்தலுக்குத்தான் ராத்தா" என்றார் அசனார். "பந்தலுக்கு வெட்டுறது ஒரு வெட்டா? எந்தக் காலத்தில ஆரைக் கேட்டு வெட்டின?"

அவர் பொய் சொல்லவில்லை. கலியாணத்துக்கும் கோயில் திருநாளுக்கும் கம்பு வெட்ட யாரையும் கேட்பதில்லை என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான வழக்கம். திட்டம் போட்ட அன்று அதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஜும்மாவையும் விட்டு, காட்டையும் கெடுத்து! ரெண்டு குத்தத்துக்கும் உனக்கு ஒரு வெள்ளிக்கிழமைதானா கிடைச்ச?" என்றார் உம்மா.

சூசை குரலைத் தாழ்த்தினார். "கந்தோருக்குத் தெரியாது உம்மா. கம்பை மண்ணில தாட்டிட்டா விசயம் முடிஞ்சிது. தெரிஞ்சா எங்கட வலையும் சேந்துதான் போகும்."

உம்மா அவர்கள் கம்புக் கட்டை மாட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். தாமும் ஏறிக் கந்தோருக்குப் போனார்.

கந்தோர் வாசலில் கட்டை இறக்கி வைத்து நடந்ததைச் சொன்னபோது துரைக்கே ஆச்சரியம். சொல்லாமல் விட்டிருந்தால் தமக்குத் தெரிந்திருக்காதே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"துரைக்குத் தெரியாது. சூசைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாளைக்கு அவங்க கோயில் பந்தலுக்கு வெட்டினா நான் எந்த வாயால கேக்கிற?"

உத்தரவு எழுத்தில் வரும் என்றார் துரை. ஒரு கிழமை இரண்டு ஊரும் காத்திருந்தன. வந்த உத்தரவில் தண்டனை திட்டப்படியே இருந்தது: சூளைக்காரர் பங்கு ஒரு வருடத்துக்கு இல்லை. மற்றபடி அனுமதி தொடரும். தம்மைத் தாமே பிடித்துக்கொள்ளும் ஊர்களுக்குத் தம்முடைய காவலாளி தேவையில்லை என்றும் துரை சொல்லியனுப்பியிருந்தார்.

பந்தல் இல்லாத கலியாணத்தை நான் பார்த்தேன். இல்லை, பந்தல் இருந்தது. சூசையின் ஆட்கள் வள்ளங்களின் பாய்மரங்களைக் கழற்றி வந்து நட்டு, பாய்களை மேலே விரித்துக் கட்டியிருந்தார்கள். மீன் வாடையில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபோது, "கடலுக்குப் போகாமலே கடல் வந்திருக்கு, சும்மா இருங்க" என்றார் உம்மா. அந்த வருடம் சூளை ஆறிக் கிடந்தது. அவர் கைம்பெண்களோடு சேர்ந்து கூனி காயவைத்து விற்றார். அதற்குப் பிறகு கோயில் திருநாளுக்கும் பாய்மரப் பந்தல்தான்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது, முதல் வருடம் வெட்டிய துண்டில் கண்டல் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் வள்ளத்தில் சூசை இருந்தார். ஜனாஸாவில் அவரைக் காணவில்லை என்று ஊரில் சிலர் குறைப்பட்டதைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை ஐயா. காவல் அவங்கட. அவங்க எல்லாரும் மையத்து வீட்டில. நான் பூசைக்கும் போகேல்ல, மையத்து வீட்டுக்கும் போகேல்ல. இங்கதான் நிண்டன். போயிருந்தா அவ எழும்பிக் கேட்டிருப்பா, காட்டை ஆரிட்ட விட்டிட்டு வந்த நீ எண்டு."

உம்மா அவர்களே, காடு நிற்கிறது. அமைதியாக உறங்குங்கள்.