நான் வெட்டிய கடைசி வரி

வெளிநாட்டில் படிக்கும் திருவையாற்றுப் பெண் ஒருத்தி, மலேரியாத் தடுப்பூசியைச் சோதிப்பதற்காக நோய்க் கொசுக்களைத் தன்னைக் கடிக்கவிட்டாள். அவளைப் பற்றி நான் எழுதிய செய்தியில், பிறகு மருந்து கொடுத்து முழுவதும் குணமாக்கினார்கள் என்ற கடைசி வரியை இடமில்லாமல் நானே வெட்டினேன்.

அவள் விடுமுறைக்கு ஊர் வந்ததும் அவள் அப்பா போன் செய்தார். "நடவுக்கு ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க சார். இவளைக் கடிக்கிற கொசு அவங்களையும் கடிச்சுடுமாம். நாத்து முத்திப்போவுது."

மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அந்தத் தாளோடு வயலுக்குப் போனேன். அப்பாவும் மகளும் மட்டும் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சேற்றுக் கையோடு படித்தாள்.

"முதல் பக்கத்துல கடிக்கவிட்டுட்டு, உள்ள கொண்டுபோய்க் குணமாக்கியிருக்கீங்களே சார். இதை யாரு படிப்பா?"

யாரும் படிக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் நானும் நடவுக்கு ஓர் ஆளாகப் போயிருந்தேன்.